வளையல்

போடிமெட்டு வளைவில் தோட்டத்து ஜீப்பு கவிழ்ந்து கிடந்தது. பின்னால் வந்த ஜீப்பிலிருந்து பேச்சிமுத்து குதித்து ஓடினான். மகள் ஒரு பக்கம் கிடக்க, மயங்கிக் கிடந்த அவன் மனைவியின் கையைத் துண்டால் இறுக்கிக் கட்டிவிட்டு, எவனோ ஒருவன் வளையல்களைக் கழற்றிக்கொண்டிருந்தான்.

"கையக் கட்டிப் போட்டா களவாங்குற?"

பேச்சிமுத்து கல்லை எடுத்து அவன் விரல்களை நசுக்கினான்.

"அண்ணே, விடுங்க. வெரசா அந்தப் பிள்ளைகிட்டப் போகணும்."

"எம்மக கொலுசும் வேணுமாடா?"

மிதித்துத் தள்ளிவிட்டு, மனைவியையும் மகளையும் ஜீப்பில் ஏற்றினான்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் சொன்னார்: "ரத்தம் போகாம யாரோ கையைக் கட்டினதாலதான் உங்க மனைவி பிழைச்சாங்க. கை வீங்கி இறுகிடும்னு வளையலையும் கழற்றப் பார்த்திருக்காங்க. பொண்ணு காலையும் அப்படிக் கட்டியிருந்தா அவளும் பிழைச்சிருப்பா."

வெளியே, நசுங்கிய விரல்களுக்குக் கட்டுப் போட்ட நர்ஸிடம் அந்த ஆள் சொல்லிக்கொண்டிருந்தான்.

"காஷ்மீர் எல்லையில, ராணுவ ஆஸ்பத்திரியில சோலி. லீவுக்கு வந்தேன். அந்தப் பிள்ளைக்கு எப்படி இருக்கு, சிஸ்டர்?"