திம்பம் சாலையில் நின்ற வண்டி

திம்பம் மலைச்சாலையில் ஓடும் வண்டிகளுக்கு இப்போது ஓட்டுநர் கிடையாது. காட்டு உயிர் எது குறுக்கிட்டாலும் வண்டி தானாக நின்றுவிடும். அது விலகிப் போகும்வரை நகராது. அன்று மத்தியானம், பிரசவ வலியில் துடித்த மனைவி பவளக்கொடியை முத்தரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போன வண்டியும் அப்படித்தான் நின்றது.

எதிரே ஒரு காட்டுப்பூனை தன் குட்டியைக் கவ்விக்கொண்டு சாலையைக் கடந்தது. வண்டியைக் கண்டதும் பாதியிலேயே நின்று முறைத்தது.

முத்தரசுக்குப் பொறுக்கவில்லை. இறங்கிக் கூச்சலிட்டபடி கல்லெடுத்து வீசினான். பூனை குட்டியைப் போட்டுவிட்டுப் புதருக்குள் பாய்ந்தது. குட்டியோ தவழ்ந்து வண்டிக்கு அடியில் போய் ஒண்டிக்கொண்டது. அவன் படுத்துக் கையை நீட்டிப் பார்த்தான், எட்டவில்லை.

"ஏனுங்க, உள்ள வாங்க!" என்று கத்தினாள் பவளக்கொடி. "நீங்க வெளிய நின்னா தாய் எப்படிங்க வரும்?"

ஏறிக் கதவைச் சாத்தினான். பூனை வரவில்லை. குழந்தைதான் முதலில் வந்தது, அவன் கைகளிலேயே. அது வீறிட்டு அழ, புதரோரம் தலைகாட்டிய பூனை மறுபடி பின்வாங்கியது.

"அழட்டும், அழுதாத்தான் நல்லதுன்னு சொல்லுவாங்க," என்றான் அவன், என்ன செய்வதென்று தெரியாமல்.

"எங்கிட்டக் குடுங்க," என்று வாங்கி அவள் மார்போடு அணைத்தாள். அழுகை அடங்கியது. பூனை தயங்கித் தயங்கி வந்து, வண்டிக்கடியில் நுழைந்து, குட்டியைக் கவ்விக்கொண்டு போனது.

வண்டி கிளம்பியது. ஆஸ்பத்திரி போய்ச் சேரும்வரை முத்தரசு குரலை உயர்த்தவே இல்லை.