சிவகலாவின் கேள்வி

சின்னப்பிள்ளைகளின் நாற்காலியில் உட்கார்ந்திருந்த அருட்செல்வனுக்கு முழங்கால்கள் நெஞ்சைத் தொட்டன. பக்கத்தில் அவன் மனைவி சிவகலா எழுந்து நின்றாள்.

பெற்றோர் கூட்டங்களில் அவள் வாய் திறந்ததே இல்லை. இன்று கேட்கப்போவதை, ஓர்லிகோன் போகும் ரயிலிலும் அடுப்படியிலும் டொச் என்கிற ஜெர்மன் மொழியில் சொல்லிச் சொல்லிப் பார்த்திருந்தாள். பிழை திருத்தியவன், சுவிஸிலேயே படித்து வளர்ந்த அருட்செல்வன்தான்.

"முதலாம் வகுப்பை இரண்டாகப் பிரித்திருக்கிறீர்கள். ஒன்றில் அநேகமாக எல்லாரும் சுவிஸ் பிள்ளைகள். மற்றதில் தமிழ், கொசோவோ, எரித்திரியப் பிள்ளைகள் மட்டும். ஏன்?"

பள்ளி அதிபர் பொறுமையாகச் சிரித்தார். அந்தப் பிள்ளைகளுக்கு டொச் போதாது, அவர்களுடைய நன்மைக்குத்தான் தனி வகுப்பு என்றார்.

அருட்செல்வன் அவளுடைய கைப்பையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டான். அவனால் முடிந்தது அவ்வளவுதான்.

"டொச் தெரியாத பிள்ளைகளை மட்டும் ஒன்றாக இருத்தினால், அவர்கள் யாரோடு பேசிப் பழகுவார்கள்?"

இதை அவள் வீட்டில் சொல்லிப் பார்க்கவில்லை. ஒரு பிழையும் இல்லாமல் வந்து விழுந்தது.



பின்னாலிருந்து ஓர் எரித்திரியத் தகப்பன் எழுந்தார். பிறகு, யன்னலோரம் ஒரு சுவிஸ் தாய். அவளைப் பார்த்து இன்னும் சிலர்.

அதிபர் பக்கத்து ஆசிரியையோடு தாழ்ந்த குரலில் ஏதோ பேசினார். பள்ளி தொடங்குமுன் இரண்டு வகுப்பையும் கலந்து, புதிதாகப் பிரிப்பதாகச் சொன்னார்.

வாசலில் எரித்திரியத் தகப்பன் சிவகலாவின் கையை இரு கைகளாலும் பற்றிக்கொண்டார். என் மகனோடுதானே உங்கள் பிள்ளையையும் ஒதுக்கிவைத்தார்கள் என்றார்.

சிவகலா இல்லையென்று தலையசைத்தாள். மகள் ஹரிஷாவுக்குச் சுவிஸ் பிள்ளைகளின் வகுப்பிலேயே இடம் கிடைத்திருந்தது. அந்த வகுப்பில் அவள் ஒருத்திதான் தமிழ்.

அந்தச் செய்தி வந்த அன்று அருட்செல்வன் பூரிப்போடு கேக் வாங்கி வந்தான். அதை வெட்டும்போதுதான், தன் சிநேகிதிகள் எல்லாரும் ஏன் மற்ற வகுப்பில் என்று ஹரிஷா கேட்டாள். சிவகலா அன்று கேக்கைத் தொடவில்லை.

கூட்டம் முடிந்து தெருவில் இறங்கியதும் அருட்செல்வன் மெல்லக் கேட்டான்.

"இனிப் பிள்ளையை எந்த வகுப்பிலை விடுவினமோ தெரியாது, என்ன?"

சிவகலா அவன் கையைக் கோத்துக்கொண்டாள்.

"எதிலை விட்டாலென்னப்பா? இனி ரெண்டும் ஒண்டுதானே."