காத்தை இறக்குங்க, வெய்னோ!

“எடு கையை!”

வெய்னோ போட்ட சத்தத்துல, வண்டி நிறுத்துற இடத்துல நின்னுட்டிருந்த நாங்க எல்லாரும் திரும்பிப் பார்த்தோம்.

அவரோட சைக்கிள் பக்கத்துல டோரீன் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தா. டயர் வால்வு மேல வெச்ச அவ கையை மனுஷன் பட்டுனு தட்டி விட்டிருந்தார்.

“என்ன பெரியவரே, பொம்பளையை அடிக்கிற அளவுக்கு வந்தாச்சா?” எகிறினான் கிளிஃப்.

அமெரிக்காவுல, மிச்சிகன் மாநிலத்து வடக்குக் கோடியில, பெரிய ஏரிக்குப் போற எங்க காட்டுப்பாதையில இப்பல்லாம் வண்டி நிறுத்த இடம் கிடைக்காது. பாதை போட்ட அந்த முதல் குளிர்காலத்துல நாங்க மொத்தமே ஏழெட்டுப் பேர்தான். குண்டு டயர் சைக்கிளை எடுத்துக்கிட்டுப் பனியில போறோம்னு சொன்னா ஊரே சிரிக்கும். கறியும் உருளைக்கிழங்கும் அடைச்ச பாஸ்டியை ஃபாயில்ல சுத்தி, கார் இன்ஜின் மேல வெச்சு சூடு பண்ணி, ஒருத்தர் ஃபிளாஸ்க் காபியை இன்னொருத்தர் குடிச்சு... என்ன நாளுங்க அதெல்லாம்! நினைச்சா இப்பவும் மனசு ஏங்குது.

அந்தப் பாதை டோரீன் போட்டது. விடியறதுக்குள்ள பனிவண்டி பின்னால பலகையைக் கட்டி இழுத்து, பனியை அமுக்கி, இஸ்திரி போட்ட மாதிரி வெச்சிடுவா. சம்பளம் ஒண்ணும் கிடையாது. அதனால அவ வாய்க்கு நாங்க எல்லாரும் அடக்கம். எவனாவது பூட்ஸ் காலோட அதுல நடந்துட்டா போதும், அவன் ஏழு தலைமுறையையும் இழுத்துடுவா.

வெய்னோவுக்கு எழுபது வயசு. சைக்கிள் அவர் பொண்டாட்டி லெம்பியோடது. இலையுதிர் காலத்துல ஆசை ஆசையா வாங்கி, “முதல் பனி விழட்டும், ஏரி வரைக்கும் போறேனா இல்லையா பாருங்க”ன்னு எங்க எல்லார்கிட்டயும் பீத்திக்கிட்டிருந்தா. பனி விழறதுக்குள்ள திடீர்னு மாரடைப்பு, போய்ச் சேர்ந்துட்டா. அவளுக்காக இதே சைக்கிள்ல நான் ஏரிக்குப் போறேன்னு மனுஷன் பழக ஆரம்பிச்சார். அதுக்கு முன்னால பனியில சைக்கிளைத் தொட்டதுகூட இல்லை.

எங்களுக்கும் பாவமாத்தான் இருந்தது. ஆனா டயர்? கல்லு மாதிரி. பனியில காத்தை நல்லா இறக்கணும், அப்பத்தான் டயர் பரந்து மேலாக்கப் போகும். இல்லேன்னா கலப்பை மாதிரி உழுதுடும். வெய்னோ உழுதார். விழுந்தார். எழுந்து மறுபடியும் உழுதார். அந்தப் பள்ளம் உறைஞ்சு போய், அதுல சக்கரம் மாட்டி நாங்க குப்புற விழுந்தோம்.

“காத்தை இறக்குங்க, வெய்னோ”ன்னு சொல்லாத ஆளில்லை.

“மாட்டேன்.” அவ்வளவுதான் பதில்.

“பம்பு நான் தர்றேன். வீட்டுக்குப் போய்த் திரும்ப அடிச்சுக்குங்க.”

“அதெல்லாம் ஆகாது.”

“அடக் கடவுளே, காத்தை என்ன காசு குடுத்தா வாங்குனீங்க?”ன்னு கிளிஃப் கேட்டே விட்டான். வெய்னோ சைக்கிளைத் தள்ளிக்கிட்டு நகர்ந்துட்டார்.

முந்தின வாரம் டோரீன் கண்டிப்பா சொல்லிட்டா. “இன்னொரு தடவை என் பாதையில பள்ளம் பார்த்தேன், அப்புறம் இந்தப் பக்கமே வராதீங்க.” அன்னிக்கும் அதே கல்லு டயரோட வந்து நின்னார். சரி, நாமே இறக்கி விட்டுடுவோம்னு அவ உட்கார்ந்தா. அதுக்குத்தான் இந்த அடி.

டோரீன் எழுந்தா. முகம் செவந்து போச்சு.

“கிளம்புங்க வெய்னோ. இனிமே நீங்க இங்க வேண்டாம்.”

அவர் கிளம்பலை. அவ ஜாக்கெட் கையைப் பிடிச்சு, கொஞ்சம் தள்ளிக் கூட்டிட்டுப் போய், என்னமோ சொன்னார். உதடு அசைஞ்சது, எங்களுக்கு ஒண்ணும் கேட்கலை.

அப்புறம் நடந்ததுதான் அக்கிரமம். சைக்கிளுக்கு ஒரு பக்கம் வெய்னோ, மறுபக்கம் டோரீன். ரெண்டு பேருமா அதைத் தள்ளிக்கிட்டு, அன்னிக்குக் காலையில போட்ட புத்தம் புதுப் பாதையில பூட்ஸ் காலோட நடக்க ஆரம்பிச்சாங்க! அடிக்கு அடி குழி.

“தாயே! நாங்க நடந்தா மட்டும்தான் குத்தமா?”ன்னு கத்தினேன்.

அவ திரும்பிக்கூடப் பார்க்கலை.

“சட்டமெல்லாம் நமக்குத்தாண்ணே”ன்னான் கிளிஃப். “கிழவர் ரெண்டு சொட்டுக் கண்ணீர் விட்டிருப்பார். இவ உருகிட்டா.”

வரட்டும், ரெண்டுல ஒண்ணு கேட்டுடுவோம்னு குளிர்ல காலை மாத்தி மாத்தி வெச்சுக்கிட்டு நின்னோம். காபி தீர்ந்து போச்சு, புலம்பல் தீரலை.

மரங்களுக்கு நடுவுல முதல்ல தெரிஞ்சது வெய்னோ. ஓட்டிக்கிட்டு வந்தார்! ரெண்டு டயரும் தொளதொளன்னு பரந்து கிடக்க, பின்னால மெல்லிசா ஒரு தடம், அவ்வளவுதான். ஒரு இடத்துலகூட விழலை. தாடியில கண்ணீர் உறைஞ்சு கிடந்தது. எங்க யாரையும் பார்க்காம சைக்கிளைக் கார்ல ஏத்திக்கிட்டுப் போயிட்டார்.

பின்னாலயே மூச்சு வாங்க டோரீன் வந்து சேர்ந்தா.

“பரவாயில்லையே! வீம்பு பிடிச்ச மனுஷனை எப்படி இறக்க வெச்சே?” கிளிஃப் கேட்டான்.

டோரீன் கையுறையால மூக்கைத் துடைச்சுக்கிட்டா.

“நான் எங்க இறக்க வெச்சேன்? ஏரிக்கரைக்குப் போனதும் அவரேதான் வால்வைத் திறந்துவிட்டார். சாகறதுக்கு முந்தின நாள் லெம்பி தன் கையால பம்பு பிடிச்சு அடிச்ச காத்துடா அது.”