மைனஸ் இரண்டு

தண்ணீர் என் தொப்புளைத் தொட்டபோதுதான் மேலிருந்து முதல் முறையாக டேப் இறங்கியது.

டேப்பின் நுனியில் ஒரு மரக்கட்டை. கட்டை தண்ணீரில் மிதந்ததும் டேப் தளரும். தளர்ந்த இடத்தில் எண்ணைப் படித்து, "அறுநூத்தி இருபது சென்டிமீட்டர்" என்று மெகாபோனில் அறிவித்தான் என் மச்சினன்.

என் மனைவியின் தம்பி. குடிநீர் அலுவலகத்தில் அவன் இன்ஜினியர், நான் குழாய் பூட்டும் பிட்டர். ஏழு மீட்டருக்கு மேல் ஆழமான வால்வு குழிக்குள் குழாய் வெடித்து, சரிந்து விழுந்த இன்னொரு குழாய்க்கும் சுவருக்கும் நடுவில் என் வலது கால் மாட்டிக்கொண்டு அரை மணி நேரம் ஆகிவிட்டது. நான் நின்ற மூலை மேலிருந்து பார்த்தால் தெரியாது. தண்ணீர் அந்தக் குழாய்க்குக் கீழே இறங்கினால்தான் யாராவது வந்து காலை எடுக்க முடியும். ஏறினால் என்ன ஆகும் என்று நான் யோசிக்கவில்லை.

யோசிக்கவில்லை என்பது பொய்.

மேலே ஒரு பம்பு ஓடியது. இன்னொன்று லாரியில் தயாராக நின்றது. அதையும் போட்டால் இறைக்கிற தண்ணீர் பள்ளத்துத் தெரு வீடுகளுக்குள் புகுந்துவிடுமாம். ஒன்று போதுமா போதாதா என்று கணக்குப் போட்டுச் சொல்கிறேன் என்றிருந்தான் மச்சினன்.

பத்து நிமிடம் கழித்து டேப் மறுபடி வந்தது. தண்ணீர் என் நெஞ்சுக்குழியில் நின்றது.

"அறுநூறு! பத்து நிமிஷத்துல இருபது கொறஞ்சிருக்கு. ஸ்லோப் மைனஸ் ரெண்டு! பயப்படாதீங்க மாமா, தண்ணி இறங்குது!"

இறங்குகிறதாம்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எண்ணின் வித்தியாசத்தை நேரத்தின் வித்தியாசத்தால் வகுத்தால் சாய்வு. அதுவரை பையன் சரிதான். ஆனால் போன வாரம் வரை ஏரிக்கரையில் வேலை பார்த்தவன் அவன். அங்கே அளவுகோலில் எண்கள் கீழிருந்து மேலே போகும். எண் குறைந்தால் தண்ணீர் குறைந்தது என்று அர்த்தம். இங்கே டேப் மேலிருந்து கீழே வருகிறது. எண் குறைந்தால் தண்ணீர் அவனை நோக்கி ஏறுகிறது. நடுவில் நான் இருக்கிறேன்.

தொண்டை கிழியக் கத்தினேன். பம்பு சத்தத்தில் என் குரல் எனக்கே கேட்கவில்லை.

டேப்பைப் பிடித்து வெறி பிடித்தவன் போல ஆட்டினேன். டேப் ஆடுகிறது, மாமா தெம்பாகத்தான் இருக்கிறார் என்று மெகாபோன் சந்தோஷப்பட்டது.

படித்த மச்சினன் வேண்டும் என்று கல்யாணத்தின்போது ஆசைப்பட்டவன் நான்தான்.

அடுத்த பத்து நிமிடம் எப்படிப் போனது என்று கேட்காதீர்கள். காலை இழுத்துப் பார்த்தேன். கடவுளைத் திட்டினேன். பிறகு பயந்துபோய் அவரிடமே மன்னிப்பும் கேட்டேன். தண்ணீர் தோளுக்கு வந்துவிட்டது. இன்னும் ஒரு பத்து நிமிடம் போனால் மூக்கு.

டேப் மூன்றாவது முறையாக இறங்கியது.

இப்போது அவன் படிக்கப்போவது ஐந்நூற்று எண்பது. மறுபடியும் மைனஸ் இரண்டு, மறுபடியும் சந்தோஷம், என் கதை முடிந்தது.

அவனைத் திருத்த வழியே இல்லை. அவன் தப்புக்குத் தோதாக நானும் ஒரு தப்புச் செய்தால்தான் உண்டு.

தண்ணீரைத் தொடும் முன்பே கட்டையைப் பிடித்துக்கொண்டேன். இந்த முறை ஆட்டவில்லை. அது தன் பாட்டுக்கு இறங்குவது போல, கை எட்டிய மட்டும் தண்ணீருக்குள் மெல்ல இழுத்துக்கொண்டு போனேன். அங்கே இறுக்கிப் பிடித்து நிறுத்தினேன். மேலே டேப் தளர்ந்தது.



"அறுநூத்தி நாப்பது... ஐயோ, பிளஸ் நாலு! ஏறுது! அந்தப் பம்பையும் போடுங்கய்யா, சீக்கிரம்!"

இரண்டாவது பம்பு உறுமியதில் சுவரே அதிர்ந்தது. தாடையை நனைத்துக்கொண்டிருந்த தண்ணீர் அங்கேயே தயங்கி நின்றது. பிறகு தோள் தெரிந்தது. மார்பு தெரிந்தது. வாய்விட்டுச் சிரித்தேன்.

நான்காவது முறை டேப் வந்தபோது தண்ணீர் என் தொடைக்குப் போயிருந்தது. நான் கட்டையைத் தொடவே இல்லை.

"அறுநூத்தி அம்பது! இன்னும் ஏறுதே! அக்காவுக்கு நான் என்ன பதில் சொல்லுவேன்!"

மெகாபோனை அணைக்க மறந்து விம்மி விம்மி அழுதான். எனக்கும் அழுகை வந்துவிட்டது. நல்ல பையன், என்மேல் உயிரையே வைத்திருக்கிறான்.

கால் மாட்டிய குழாய் இன்னும் தண்ணீருக்குள்தான் இருந்தது.

அழட்டும், பம்பு ஓடட்டும் என்று இருந்துவிட்டேன்.