வழி விட்டதற்கு

ஜப்பானின் குன்மாவில் எங்கள் சுபாரு கார் பணிமனைக்கு ஹொசோயா அம்மா வந்தது, இறந்துபோன கணவரின் பழைய வண்டியை உடைக்கக் கொடுப்பதற்காக. கணவர் கியோஹாரு ஐயா அதே ஊர் சுபாரு தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். சுபாருவைத் தவிர வேறு வண்டியில் ஏறவே மாட்டார்.

நான் பேட்டரியைக் கழற்றும்போது அந்த அம்மா பக்கத்திலேயே நின்றார்.

“ரோட்டுல எவனாவது வழி விட்டா, பின்னாடி விளக்க ரெண்டு தடவ சிமிட்டி நன்றி சொல்லுவாரு. முகம் தெரியாதவனுக்கெல்லாம் நன்றி. காலம் பூரா சோறு போட்டவளுக்கு ஒரு வார்த்தை கிடையாது.”

“நம்ம ஊரு ஆம்பளைங்க எல்லாருமே அப்படித்தானேம்மா.”

“நீ உன் வீட்ல சொல்றியா?”

நான் அடுத்த போல்ட்டைத் திருகினேன்.

லாரி வந்து வண்டியை முதுகில் ஏற்றிக்கொண்டது. கிளம்பும் வாடிக்கையாளரின் வண்டி கண்ணை விட்டு மறையும்வரை வாசலில் குனிந்து வணங்கி நிற்பது எங்கள் வழக்கம். உடைக்கப் போகும் வண்டிக்கு யாரும் குனிவதில்லை. அதனால் நான் பேட்டரியைக் கையில் வைத்தபடி சும்மா பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்த அம்மா வாசலை மறித்தபடி நின்றார். லாரிக்காரர் ஹாரன் அடிக்காமல் காத்திருந்தார். கடைசியில் அந்த அம்மா ஓரமாக விலகி வழி விட்டார்.

லாரி அவரைக் கடந்து சாலையில் ஏறியது. மேலே இருந்த சுபாருவின் பின்விளக்குகள் இரண்டு தடவை சிமிட்டின.

என் கையில் பேட்டரி கனத்தது.

“இப்பத்தான் தோணுச்சா,” என்றார் அந்த அம்மா. பிறகு குனிந்தார். சாலை காலியான பிறகும் நிமிரவில்லை.