பந்து வராத பக்கம்

"நாலு மார்க்கா? இருபது வருசம் ஹாக்கி ஆடுன மனுசனுக்கு வெறும் நாலா?" என்று மாப்பிள்ளையின் தாய் கேட்டதும் பெண்ணைப் பெற்ற பேச்சியம்மாளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"எங்க வீட்டுக்காரரு தடுக்க நின்ன பக்கம் எவன் மதினி வந்தான்? பயந்துபோயி அம்புட்டுப் பயலும் மறுபக்கமால்ல ஓடுனானுவ!"

கோவில்பட்டியில் இப்போதெல்லாம் ஜாதகத்துக்கு முன்னால், சம்பந்தியின் வாழ்நாள் சாதனைக்கு இயந்திரத்திடம் நூற்றுக்கு எத்தனை மார்க் என்று கேட்டுவிடுகிறார்கள். அது சுவரிலிருந்து பணிவாகச் சொன்னது: "பந்து வராத இடத்தில் ஆட்டம் நடக்கவில்லை."

எதிரணியில் கோல் அடித்தே தொண்ணூறு வாங்கியவர் மாப்பிள்ளையின் அப்பா. பேச்சியம்மாள் அவர் பக்கம் திரும்பினாள். "அண்ணாச்சி, நீங்களும் பயந்து ஓடுன ஆளுதான? சொல்லுங்க."

சொன்னால் அவருடைய தொண்ணூறு குறையும். அண்ணாச்சி மின்விசிறி சுற்றுவதை உன்னிப்பாகக் கவனித்தார். கணவர் கோமதிநாயகமோ, பேச்சு வேறு யாரையோ பற்றியது என்பதுபோல முறுக்குத் தின்றார். சம்பந்தம் முறிந்தது.

மகள் செண்பகம் தை மாதமே வேறொருவனைக் கட்டிக்கொண்டு ஓசூருக்குக் குடிபோய்விட்டாள். மாப்பிள்ளை யார் என்கிறீர்களா? கோமதிநாயகத்தின் அணியிலேயே மறுபக்கம் நின்று, வந்த பந்தில் பாதியைக் கோட்டைவிட்டவரின் மகன். ஓயாமல் பந்து வந்ததால் அவருக்கு எண்பத்தெட்டு. அவர் ஒருவர்தான் மார்க்கே கேட்காமல் பெண் எடுத்தார்.