தோகை இல்லாத படம்

காட்டைச் சுற்றிப் பார்க்க வந்த யாரோ ஒரு கேமராவை மறந்துவிட்டுப் போனார்கள். தட்டினால் உடனே படம் வந்து விழும் ரகம். பெண்மயில் அதன் விசையில் ஒரு கொடியைக் கட்டி, இழுத்து இழுத்துத் தன்னையே படம் எடுத்தது. ஒரு நாள் இலைக் கிரீடம் வைத்து ராணி. மறுநாள் சேற்றை அப்பிக்கொண்டு காட்டெருமை.

ஆவணியில் ஆண்மயிலுக்குத் தோகை உதிர்ந்தது. பெண்மயில் அதைப் பொறுக்கிப் பின்னால் கட்டிக்கொண்டு, நெஞ்சை நிமிர்த்தி ஒரு படம் எடுத்தது.

அதைப் பார்த்த ஆண்மயில் கொதித்தது. "என் தோகையை அவிழ்த்துப் போடு!"

"கீழே போட்டது நீங்கதானே? எனக்கு எவ்வளவு எடுப்பா இருக்கு பாருங்க."

"இறகைக் கட்டிக்கிட்டா ஆம்பளை ஆயிடுவியா?"

"ஆக மாட்டேனா? அப்போ அது இல்லாம நீங்க ஒரு படம் எடுத்துக் காட்டுங்க."

ஆண்மயிலுக்கு ரோஷம் வந்துவிட்டது. கொடியை அலகில் கவ்விக்கொண்டு கேமரா முன்னால் விறைப்பாக உட்கார்ந்தது.

அந்த நேரம் பார்த்து அவற்றின் மூன்று குஞ்சுகளும் மேய்ந்த களைப்பில் ஓடிவந்தன. தோகையோடு நின்ற அம்மாவை அப்பா என்று நினைத்து ஒதுங்கிப் போயின. தோகையில்லாத அப்பாவை அம்மா என்று நினைத்து, அதன் இறக்கைக்குள் புகுந்துகொண்டன.

பெண்மயில் காத்திருந்து காத்திருந்து பொறுமை இழந்தது. "என்னங்க, கொடியை இழுங்க!"

ஆண்மயில் கொடியை மெல்லக் கீழே வைத்தது.

"கத்தாதே. பிள்ளைங்க இப்பதான் கண்ணசந்தாங்க."